ஐந்தாவது எண்பது

எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு சண்டை. எந்த எடிட்டர் சிறந்தது என்று. எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர் அல்ல. புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கக் குடியிருக்கும் மென்பொருள். பாதி வரி அடிப்பதற்குள் மீதி வரியைத் தானே எழுதிக் கொடுக்கும் ஏ.ஐ. எடிட்டருக்கு மாறிவிட்டதாக ஒருவர் பெருமைப்பட்டார். அது மெமரியைக் குடித்துவிட்டுக் கணினியை அடுப்பாக்குகிறது என்றார் இன்னொருவர். மூன்று நாள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் யாரோ, “மல்லிகா மேடத்தைக் கேளுங்கப்பா, நம்ம கம்பெனியில மொதல்ல எடிட்டருக்குப் பரீட்சை வெச்சதே அவங்கதான்” என்று என்னை உள்ளே இழுத்துவிட்டார்கள்.

பரீட்சை வைத்தது உண்மை. அந்தப் பரீட்சையில் ஒரு மனிதர் உயிரோடு மிஞ்சியது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல என்பதும் உண்மை. அதைக் கைபேசியில் நாலு வரியில் தட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கோவையில் டிப்ளமோ படித்துவிட்டு, அங்கேயே கணபதி பகுதியில் இருந்த ஒரு பேனல் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் ஐந்தாறு வருஷத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒயர் பிடித்தேன், ஈயம் பற்றவைத்தேன், திட்டு வாங்கினேன், பிறகு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதும் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. ஓய்வு பெறும்வரை அது போகவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எங்கள் கம்பெனி சாயப்பட்டறை மெஷின்களை இயக்கும் பேனல்களை, அதாவது மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தது. நூல் சுற்றிய கூம்புகளை, அதாவது கோன்களை, ஆளுயர இரும்புப் பாத்திரத்துக்குள் அடுக்கி, மூடியை இறுக்கி, சாயத்தண்ணீரை நூற்று முப்பது டிகிரி வரை சூடாக்குவார்கள். வீட்டுக் குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திருகினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குக்கருக்குள் இரண்டு ஆள் நிற்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு முடிந்து தண்ணீர் குளிர்ந்து எண்பது டிகிரிக்கு இறங்கினால்தான் மூடியின் பூட்டு விடும், பச்சை விளக்கு எரியும். ஆபரேட்டர் மேடையேறி, மூடியைத் திறந்து, ஒரு கோனை வெளியே எடுத்து நிறம் சரியா என்று பார்ப்பார். அந்த எண்பதைக் காவல் காத்தது எங்கள் புரோகிராம். அதை எழுதியது நான்.

எங்கள் தலைமைப் பொறியாளர் தங்கவேல் சார். காங்கேயம் பக்கத்துக்காரர். ஒல்லியாக, எப்போதும் முழுக்கைச் சட்டையோடு இருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதைதான் கூடும். சாதாரண நாளில் நான் ‘மல்லிகா’. ஏதோ சரியில்லை என்றால் ‘ஏனுங்க மல்லிகா’. ‘ஏனுங்க மேடம்’ என்று ஆரம்பித்துவிட்டார் என்றால் பக்கத்து மேசைக்காரர்கூடத் தேநீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு நாங்கள் வாசிப்பு என்று பெயர் வைத்திருந்தோம். எந்தப் புரோகிராமும் வாடிக்கையாளரிடம் போகுமுன், எழுதியவர் அவர் எதிரே உட்கார்ந்து மாறிய வரிகளை உரக்கப் படிக்க வேண்டும். எத்தனை வரி மாறியது என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு பழைய வரி, புது வரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒவ்வொன்றுக்கும் “எதுக்குங்க?” என்பார். காரணம் சொன்னால்தான் அடுத்த வரி. கடைசியில் முதலில் சொன்ன எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும், “போயிட்டு நாளைக்கு வாங்க” என்பார். ஒத்துவந்தால் பச்சை மையில் கையெழுத்து. புதிதாக வந்த பொறியாளர்கள் இதைச் சாமி கும்பிடுகிற மாதிரி என்று கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு ஆபீசுக்குப் புதுக் கணினிகள் வந்தன. வந்த ஒரு மாதத்தில் ஆளுக்கொரு எடிட்டரை இறக்கிக்கொண்டார்கள். ஒருவர் எழுதிய கோப்பை இன்னொருவர் திறந்தால் வரிகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. சார் என்னைக் கூப்பிட்டு, “மூணை எடுத்துப் பாருங்க. எது வேகம், எதுல என்ன வசதி, எல்லாம் எழுதிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கலாம்” என்றார்.

மூன்றுக்கும் ஆபீசில் செல்லப்பெயர் வைத்தோம். முதலாவது ஆனை. எல்லா வசதியும் உண்டு. நாம் நினைப்பதை முன்கூட்டியே காட்டும், தப்பான இடத்தில் சிவப்புக்கோடு போடும், தேவையான கருவியை எல்லாம் கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம். ஆனால் எழுந்து நிற்கவே நேரம் எடுக்கும், மெமரி தீனியும் ஜாஸ்தி. இரண்டாவது சிட்டு. கிளிக் செய்த கையை எடுப்பதற்குள் திறந்துவிடும்; வசதி அதைவிடக் குறைவு. மூன்றாவது கருப்பன். கறுப்புத் திரையில், சுட்டியே தொடாமல், விசைப்பலகையால் மட்டும் ஓட்டுகிற பழைய எடிட்டர். இருபது வருஷமாக நான் வேலை செய்தது அதில்தான். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது. புதிதாக வருகிறவர்களுக்கு அதிலிருந்து வெளியே வரக்கூட வழி தெரியாது.

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எங்கள் புரோகிராம்களிலேயே பெரியதை, எட்டாயிரம் வரிக்கு மேல் உள்ளதை, மூன்றிலும் திறந்து மூடி நேரம் குறித்தேன். தேடுதல், மாற்றுதல், பழைய வரிக்குத் திரும்புதல் எல்லாவற்றுக்கும் நோட்டில் கட்டம் போட்டேன். மேசையில் வெறுமனே வைத்துப் பார்த்தால் போதாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு வாரம் ஒவ்வொன்றிலும் நிஜ வேலையே செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனையின் வாரத்தில்தான் சோமனூர் வேலை வந்தது.

சோமனூர் பக்கத்தில் ஒரு நூல் சாயப்பட்டறை. நாலு மெஷின். தண்ணீர் நூற்று முப்பதிலிருந்து மெதுவாகக் குளிர்ந்துகொண்டே வந்து, எண்பதைத் தொட்டதும் பெரிய பம்ப் ஓடி வேகமாகக் குளிரும்படி வைத்திருந்தோம். நேரம் போகிறது, நூற்றுப் பத்திலேயே வேகக் குளிர்ச்சியை ஆரம்பித்துவிடுங்கள் என்று முதலாளி கேட்டார். நியாயமான கோரிக்கை. நாலு மெஷினுக்கும் நாலு வரி. எண்பது இருக்கும் இடத்தில் நூற்றுப்பத்து. பத்து நிமிஷ வேலை.

இங்கே ஆனையின் மூன்று வசதிகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, மடிப்பு. நீளமான ஒரு பகுதியை மடித்து ஒரே வரியாகச் சுருக்கி வைக்கலாம்; கண்ணை உறுத்தாது. இரண்டு, கூட்டுத் தேர்வு. ஒரு எண்ணின் மேல் நின்று ஒரு விசையை அழுத்தினால், கோப்பில் அதே எண் உள்ள எல்லா இடமும் ஒன்றாகத் தேர்வாகும். ஒரு தடவை அடித்தால் எல்லா இடத்திலும் மாறும். மூன்று, சேமிக்கும்போதே அது கோப்பைச் சீர்செய்துவிடும். கோணலாக உள்ள வரிகளைத் தானே தள்ளி, இழுத்து, இடைவெளி விட்டு அழகாக்கும்.

நாலு மெஷினுக்கும் பொதுவாக மூடியின் பூட்டைக் கவனிக்கும் பகுதி அதே கோப்பில் கீழே இருந்தது. அது உயிர் காக்கும் பகுதி. அதில் என் கை தவறிக்கூடப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அதை மடித்து வைத்தேன். இதை நான் பத்திரமான வேலை என்று நினைத்துச் செய்தேன்.

பிறகு எண்பதின் மேல் நின்று விசையை அழுத்தினேன். திரையில் வரிக்கு ஒன்றாக நாலு கோடு மினுங்கின. நூற்றுப்பத்து என்று அடித்தேன். நாலும் ஒரே சமயத்தில் மாறின. எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சேமித்தேன். கோப்பு முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கி அழகாக வந்து உட்கார்ந்தது.

சோதனைப் பலகையில் போட்டுப் பார்த்தோம். நூற்றுப் பத்தில் நாலு மெஷினுக்கும் வேகக் குளிர்ச்சி சரியாக ஆரம்பித்தது. மூடி விளக்கின் ஒயரை நாங்கள் பலகையில் மாட்டவே இல்லை. தொடாத பகுதியை யார் சோதிப்பார்கள்?

மறுநாள் காலை வாசிப்புக்குப் போனேன். சோமனூர் போவதற்காக ஜாபர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். கோட்டைமேட்டுப் பையன், எங்கள் சர்வீஸ் இன்ஜினியர். கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சார் கண்ணை மூடினார். “எத்தனை வரிங்க?”

“ரெண்டாயிரத்துச் சொச்சமுங்க சார்.”

கண்ணைத் திறந்துவிட்டார். “ஏனுங்க மல்லிகா, நாலு வரி வேலைதானுங்களே?”

“மாறுனது நாலுதானுங்க சார். புது எடிட்டர் சேவ் பண்ணும்போது எல்லா வரியையும் சீராக்கிருச்சு. மத்ததெல்லாம் வெறும் இடைவெளிதானுங்க. அர்த்தம் மாறாது.”

“அதை எப்படி வாசிக்கறதுங்க?”

“வாசிக்க வேண்டாமுங்க. அந்த நாலை மட்டும் வாசிச்சர்றேன்.”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். ஜாபர் கடிகாரத்தைப் பார்த்தான். பட்டறையில் நூலை ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். முந்திய நாளே இரண்டு தடவை போன் வந்திருந்தது. “நானே பாத்து எழுதுனதுங்க சார்” என்று சொன்னேன். முப்பது வருஷத்தில் நான் அவரிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. நாலு வரியை வாசித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஜாபர் கிளம்பினான்.

பதினோரு மணிக்குப் பட்டறையிலிருந்து செய்தி அனுப்பினான்: புரோகிராம் ஏற்றியாயிற்று, மூன்றாம் மெஷினில் மட்டும் நூல் போட்டிருக்கிறார்கள், அதில் வேகக் குளிர்ச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. பன்னிரண்டு இருபதுக்கு இன்னொன்று: நூற்று முப்பது தொட்டாயிற்று. இனி முக்கால் மணி நேரம் அந்தச் சூட்டில் நிற்கும். அப்புறம் குளிர ஆரம்பிக்கும்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பீட்டு அறிக்கையை எழுதினேன். கூட்டுத் தேர்வு என்ற கட்டத்துக்கு வந்தேன். ஆனை: உண்டு, மிக வேகம். சிட்டு: உண்டு. பக்கத்தில் குறிப்பு எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. மடித்து வைத்த பகுதிக்குள்ளும் இந்தத் தேர்வு போகுமா, போகாதா? மூன்று எடிட்டரில் எது எப்படி? நல்ல கேள்வி, அறிக்கையில் போடலாம் என்று நினைத்தேன். நேற்றைய பழைய கோப்பையே திறந்தேன். அதே பகுதியை மடித்தேன். எண்பதின் மேல் நின்று விசையை அழுத்தினேன்.

நாலு கோடு மினுங்கின. திரையின் கீழ்மூலையில், அங்கே அப்படி ஒன்று காட்டும் என்பதே எனக்குத் தெரியாத இடத்தில், சின்ன எழுத்தில் ஒரு எண் இருந்தது. ஐந்து.

ஜாபர் எடுத்துப்போன கோப்பைக் கருப்பனில் திறந்து, இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் மாறிய வரிகளை மட்டும் காட்டச் சொன்னேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் வரி காணாமல் போய் ஐந்து வரி வந்து நின்றது. ஐந்தாவது, மூடியின் பூட்டு. எண்பதில் விட வேண்டிய பூட்டை நூற்றுப் பத்தில் விடச் சொல்லியிருந்தேன். அந்தச் சூட்டில் உள்ளே அழுத்தம் இன்னும் அடங்கியிருக்காது. மணி ஒன்று பதினொன்று. ஒன்று ஐந்துக்கே குளிர ஆரம்பித்திருக்கும். நிமிஷத்துக்கு ஒன்றரை டிகிரி. ஒன்று பதினெட்டு, பத்தொன்பதுக்குப் பச்சை விளக்கு எரியும்.

சார் அறைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவரும் டிபன் டப்பாவோடு இருந்தார். சொன்னேன். திட்டுவார் என்று கண நேரம் காத்திருந்தது நினைவிருக்கிறது. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எத்தனை மணிக்கு எரியும்?” என்றார். சொன்னேன். “ஜாபருக்கு அடிச்சீங்களா?”

அடித்துக்கொண்டேதான் வந்தேன். மணி போனது, எடுக்கவில்லை. அந்தக் கொட்டகையில் பம்ப் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது.

“மூடிக்கு சேஃப்டி பின் இருக்குதுங்க சார்” என்றேன். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடியைத் திருக விடாமல் தடுக்கும் சின்ன இரும்புப் பின் அது. மெஷினோடேயே வருவது.

“அது அங்க இருக்கும்னு நம்பிப் பேசாதீங்க. மெஷினைக் கரண்ட் கட் பண்ணி நிறுத்துனா பூட்டு என்ன பண்ணும்?”

“பூட்டிக்குமுங்க சார்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“ஸ்பிரிங்குங்க சார். கரண்ட் இருந்தாத்தான் விடும். இல்லைன்னா தானே உள்ள போயிரும்.”

“இது காலைல சொன்ன மாதிரி தெரியுமா, இல்லை நிஜமாத் தெரியுமா?”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நிஜமாங்க சார்.”

அவர் பட்டறை ஆபீஸ் எண்ணை அழுத்தினார். ஒரு பெண் எடுத்தாள். அவரே பேசினார். மூடி, பூட்டு, டிகிரி, எங்கள் தப்பு எதையும் சொல்லவில்லை.

“அம்மணி, கணபதியிலிருந்து தங்கவேல் பேசறேன். கொட்டகைக்கு ஓடிப் போய் எங்க ஜாபர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மூணாம் மெஷின், சிவப்பு பட்டன், இப்பவே. என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க பாக்கலாம்.”

“மூணாம் மெஷின், சிவப்பு பட்டன், இப்பவேங்க சார்.”

“ஓடுங்க கண்ணு. போனை வெக்காதீங்க.”

திருப்பிச் சொல்ல வைத்த அந்த நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண் அங்கே மேசையில் வைத்துவிட்டு ஓடிய ரிசீவர் வழியாக ஒரு மின்விசிறியின் சத்தமும், எங்கோ தூரத்தில் பம்புகளின் உறுமலும் கேட்டன. சார் ரிசீவரைக் காதோடு வைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பதினாறு. ஒன்று பதினேழு. நான் அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜாபரின் கல்யாணத்தில் அவன் அம்மா என் தட்டில் இரண்டாம் முறை பிரியாணி வைத்தது ஞாபகம் வந்தது. மேடையில் நிற்கும் ஆபரேட்டர் யார் என்றே எனக்குத் தெரியாது. அதுவும் அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருஷமாக அந்த விளக்கை எரிய வைக்கிறேன். அதைப் பார்த்து மேடையேறுகிற ஒருவர் பெயர்கூடத் தெரியாது. ஒன்று பத்தொன்பது. ஒன்று இருபது.

சாரின் முகம் அசைந்தது. “சொல்லு” என்றார். எதிர்ப்பக்கம் ஜாபர். சார் கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“நிறுத்திட்டான். வெளக்கு எரிஞ்சிருச்சாம். ஆபரேட்டர் மேல ஏறி மூடிச் சக்கரத்துல கைய வெச்சுட்டாராம். இவன் பட்டனை அமுத்துனதும் வெளக்கு அணைஞ்சுது, கைய எடுத்துட்டாராம்.”

நான் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“பின்?” என்று கேட்டேன்.

“நூல் தூசி அடைச்சு மாட்டிக்குதுன்னு போன வருசமே கழட்டி வெச்சுட்டாங்களாம்.”

சாயங்காலம் சார் தவறுகளை எழுதும் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். நான் என் பக்கத்தை எழுதினேன்: மடித்தது, தேர்ந்தது, நாலு என்று நம்பியது. அடுத்த பத்தியை எழுத அவரே புத்தகத்தை வாங்கிக்கொண்டார். “வாசிக்க முடியாத மாற்றத்தை வாசிக்காமல் கையெழுத்திட்டது நான்” என்று எழுதிப் பெயரையும் தேதியையும் போட்டார். “சார், நான்தானுங்களே சொன்னேன்” என்றேன். “நீங்க சொன்னீங்க. நான் கேட்டேன். கேட்டது யார் தப்புங்க மேடம்?” என்றார். அந்த ‘மேடம்’ யாருக்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அறிக்கையை அப்புறம் ஒரு வாரம் கழித்து முடித்தேன். ஆனையைத்தான் சிபாரிசு செய்தேன். குழுவில் உள்ளவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கேட்டதைச் செய்தது, செய்ததன் எண்ணிக்கையையும் மூலையில் சொன்னது. உண்மையில் எல்லா வகையிலும் அதுதான் திறமையான கருவி. அந்த எண்பதை ஐந்து இடத்தில் சிதற விடாமல், இது மூடிக்கு, இது குளிர்ச்சிக்கு என்று தனித்தனிப் பெயர் வைத்து எழுதியிருந்தால் தேர்வில் சிக்கியே இருக்காது. அப்படி எழுதாதவளும் நான்தான். சேமிக்கும்போது சீர்செய்வதைப் பழைய கோப்புகளுக்கு அணைத்து வைத்தோம். சீர்செய்வது தனி நாள், மாற்றுவது தனி நாள் என்று வைத்தோம். தொடாத பகுதியின் ஒயரையும் பலகையில் மாட்டினோம். இப்போது உங்கள் ஏ.ஐ. எடிட்டர் ஒரே தட்டில் ஐம்பது வரி எழுதித் தருகிறது என்கிறீர்கள். தரட்டும். அந்த ஐம்பதையும் வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று உங்களால் சொல்ல முடிந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் அது எத்தனை விநாடியில் திறக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள், கோபம் வருகிறது.

அறிக்கை கொடுப்பதற்கு முன்பே, திருத்திய புரோகிராமோடு சாரும் நானும் சோமனூர் போயிருந்தோம். “ஜாபர் ஏத்தட்டும். நீங்க அந்த ஆபரேட்டர்கிட்டப் பேசணும்” என்று அவர்தான் கூட்டிப் போனார். பின்னைப் புதிதாக மாட்டி, இனி கழற்றுவதில்லை என்று முதலாளியிடம் எழுதி வாங்கினார்.

ஆபரேட்டர் பெயர் கனகராஜ். என் வயதிருக்கும். முழங்கை வரைக்கும் நீலச்சாயம் ஏறிய கை. நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நான் எழுதினேன், நான் தப்பு செய்தேன், உங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

அவருக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. “நீங்க எழுதறதுங்களா இது?” என்று பேனலைக் காட்டினார். “மெஷினே பாத்துக்குதுன்னு நெனச்சனுங்க. வெளக்கு எரிஞ்சா ஏறுவேன், எரியலைன்னா நிப்பேன். எனக்கு வேற என்ன தெரியுமுங்க?”

பச்சை விளக்கை ஒரு தடவை பார்த்தார். பிறகு, ஏதோ சாதாரண விஷயம் கேட்பதுபோல் கேட்டார். “ஏனுங்கம்மா, இனிமே அது எரிஞ்சா தொறக்கலாமுங்களா?”

திறக்கலாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த விளக்கை ஆபீசில் பத்துப் பன்னிரண்டு தடவை சோதித்திருந்தேன். நான் ஐந்து வரியையும் வாசித்துக் காட்ட, சார் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

“இன்னைக்கு நான் தொறக்கறேனுங்க” என்றேன்.

“உங்களுக்குத் தொறக்கத் தெரியாதுங்களே.”

“சொல்லிக் குடுங்க.”

மெஷின் சூடேறி, நின்று, குளிரும்வரை அங்கேயே இருந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல். வேகக் குளிர்ச்சி நூற்றுப் பத்தில் ஆரம்பித்தது, விளக்கு எரியவில்லை. நூறு. தொண்ணூறு. எண்பத்தொன்று. எழுபத்தொன்பதில் பச்சை விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையேறினேன். கனகராஜ் பின்னால் வந்தார். தள்ளி நில்லுங்க என்றேன், நிற்கவில்லை. கீழே இருந்த சாரும் சத்தமில்லாமல் படியேறி எனக்கு இடப்பக்கம் வந்து நின்றுகொண்டார்.

சக்கரம் நகரவே இல்லை. “எடப்பக்கமுங்க, அமுக்கித் திருப்புங்க” என்று கனகராஜ் என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தார். திரும்பியது. மூடி ஒரு விரல்கடை எழும்பியபோது வெந்த சாய வாடையோடு ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவ்வளவுதான். வெறும் ஆவி.

கண்ணைத் திறந்தபோது கனகராஜ் கொக்கியால் ஒரு கோனை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“ஷேடு சரியா வந்திருக்குதுங்க” என்றார். “நீங்க எறங்குங்கம்மா. இனி நான் தொறந்துக்கறேன்.”